வட்டம் முடியட்டும்

மாஸ்டர் கடைசித் திருகையும் தளர்த்திவிட்டுக் கறுப்பு ஒயரைப் பல்லில் கவ்விக்கொண்டார். நாற்பது வருடமாக நூலைப் பிடித்துப் பழகிய பல். ஒயர் வேறு, நூல் வேறு என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பச்சை ஒயர் இடது கையில், டார்ச் கக்கத்தில், முழங்கால் இரண்டும் தரையில். உலோகத்தை வெட்டிச் செதுக்கும் மில்லிங் மெஷினுக்கும் பின்னறைச் சுவருக்கும் நடுவில் முக்கால் ஆள் நுழைகிற இடம்தான் இருந்தது. மாஸ்டர் ஒல்லி என்பதால் நுழைந்திருந்தார். மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படுகிற மாதிரி முன்னால் தரையில் வைத்திருந்தார். அது அங்கேயேதான் இருக்கிறதா என்று அரை நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

ஸ்க்ரூ டிரைவர் கை நழுவி விழுந்தது.

"என்னங்க, அங்க என்ன சத்தம்?" முன்னறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

வாயிலிருந்த ஒயரை எடுத்துவிட்டு, "எலி" என்றார்.

"எலி எப்பலேர்ந்து ஸ்க்ரூ டிரைவர் பிடிக்குது?"

"இந்த வீட்டு எலி பிடிக்கும்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காததுதான் அவருக்குக் கவலையாக இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பென்றால் இந்நேரம் வாசலில் வந்து நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒயரின் நிறத்தைச் சொல்லியே திட்டியிருப்பாள்.

தையல்காரரைத் தெருவில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான். பதிலுக்கு அவர் அவளை மேடம் என்பார். முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கேபிள் பிரிவில் இருந்துவிட்டு வந்தவள். வீட்டிலும் அந்த நாற்காலியை விட்டு இறங்கவில்லை என்பது அவருடைய வழக்கமான கிண்டல். இப்போது முன்னறையில் துணி வெட்டும் மேஜையைச் சுவரோரம் ஒதுக்கி, அந்த இடத்தில் அவளுடைய கட்டிலைப் போட்டிருந்தார்கள். போன வாரம் டாக்டர் மாஸ்டரை மட்டும் தனியாக அழைத்து, "பார்க்க வேண்டியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்க" என்றார். பார்க்க வேண்டியவன் ஒரே மகன். இன்று சாயங்காலம் வந்துவிடுவான்.

அவன் வருவதற்குள் அவளுக்கு ஒரு வட்டம் வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள். சாப்பிட என்ன வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று அவள் அக்கா தினமும் கேட்டுப் பார்த்துவிட்டாள். கையகலத்தில் ஓர் அலுமினியத் தகடு, அதில் ஒரு வட்டம். அதைப் பின்னறை மெஷின் வெட்டித் தர வேண்டும். அதை மகன் அளக்க வேண்டும்.

அந்த மெஷின் வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. ஏதோ ஒரு தொழிற்பள்ளியில் கழித்துக் கட்டியது. மேஜை மேல் வைக்கிற அளவுதான், ஆனால் தூக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். உடம்பெல்லாம் நல்ல இரும்பு. மூளை மட்டும் செத்திருந்தது. எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று மோட்டார்களுக்குச் சொல்கிற பழைய கன்ட்ரோல் பெட்டியில் விளக்குகூட எரியவில்லை. மகன் பெரிய தொழிற்சாலைகளில் இதே வகை மெஷின்களை நிறுவுகிறவன். அறை அளவுக்கு இருக்கும் மெஷின்கள். வீடியோவில் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அம்மா, அது பசங்க மெழுகு வெட்டிப் பழகின மெஷின். மேஜையை நகர்த்துற திருகெல்லாம் தேஞ்சிருக்கும். புது கன்ட்ரோல் போட்டாலும் வட்டம் வராது, உருளைக்கிழங்குதான் வரும். பதினஞ்சு கோடாவது ஆடும், எழுதி வச்சுக்கோ."

ஒரு கோடு என்பது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏழு கோடு இருக்கும். அவள் பதில் சண்டை போடவில்லை. "பார்க்கலாம்" என்றாள். அவளோடு குடும்பம் நடத்திய மாஸ்டருக்கு அந்தப் 'பார்க்கலாம்' எப்படிப்பட்டது என்று தெரியும். பின்னறையில் தன்னுடைய இரண்டாவது தையல் மெஷினைப் போடலாம் என்ற ஆசையை அவர் அன்றைக்கே விட்டுவிட்டார்.

பிறகு துருவைச் சுரண்டியது ஒரு வருடம். உள்ளங்கை அளவு கன்ட்ரோல் போர்டையும் மற்றதையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தது ஒரு வருடம். மூன்றாம் வருடம் முழுக்க ஒயர். திருகில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று மூன்று பக்கமும் அளந்து, அளந்த எண்ணை கன்ட்ரோலில் எழுதி வைத்தாள். திருகு திரும்பும்போதெல்லாம் அந்த ஆட்டத்தை அது தானாகவே சரிக்கட்டிக்கொள்ளுமாம். எல்லாம் முடிந்து கடைசிக் கட்டத்தில் நோய் வந்தது. அதோடு ஒரு சின்னக் கோளாறும் வந்தது. தகட்டைத் தாங்கும் மெஷினின் மேஜை முன்னும் பின்னும் போகிற ஒய் அச்சு தலைகீழாக ஓடியது. பின்னால் போ என்றால் முன்னால் வந்தது.

முந்தாநாள் அவள் மகனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்ததை மாஸ்டர் கேட்டார். "ஒண்ணும் பெருசா இல்லடா. மோட்டார்ல பச்சையையும் கறுப்பையும் இடம் மாத்தினா நேராயிடும். எழுந்து நிக்க முடிஞ்சா ரெண்டு நிமிஷ வேலை." அன்று மதியம் அவள் ஊசி மருந்தில் தூங்கினாள். மாஸ்டர் பின்னறைக்குப் போய் முதல் தடவையாக மோட்டாரின் ஒயர்ப் பெட்டியைத் தனியாகத் திறந்தார். ஷாக் என்றால் அவருக்கு உயிர் போகும். ஆனாலும் மாற்றினார். அவள் எழுந்து, பட்டனைத் தட்டி, மெஷின் நேராக ஓடுவதைப் பார்த்து அசந்துபோகட்டும் என்று ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

சாயங்காலம் அவள் தட்டினாள். மெஷின் மறுபடியும் தலைகீழாக ஓடி, எதிர்முனையில் போய்க் கடகடவென்று முட்டியது.

அன்றிலிருந்து இரண்டு நாளாக அவள் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கிடக்கிறாள். போர்டு எரிந்திருக்கும் என்கிறாள். தன் ஒயரிங்கில்தான் எங்கோ பிசகு என்கிறாள். மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. எரித்தது தன் கைதான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. தெரியாத வேலையில் கையை வைத்து, சாகக் கிடக்கிறவளின் நாலு வருட உழைப்பைக் கெடுத்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். அதனால்தான் இன்று காலை, வேறு வழி தெரியாமல், பச்சையைப் பச்சை இருந்த இடத்திலும் கறுப்பைக் கறுப்பு இருந்த இடத்திலும் பழையபடி முடுக்க வந்தார். கெட்டது கெட்டதுதான் என்றாலும், ஒயரையாவது இருந்தபடி வைத்துவிட்டால் கொஞ்சம் மனசாறும்.

முடுக்கினார். டார்ச்சால் பார்த்தார். பக்கவாட்டில் நெளிந்து வெளியே வந்தார்.

"பிளக்கைப் போடுங்க" என்றாள் முன்னறையிலிருந்து. "இன்னொரு தடவை பார்க்கிறேன். அதுக்கப்புறம் விட்டுடறேன்."

எங்கே இருக்கிறோம் என்று தெரியாத மெஷின் முதலில் ஒரு மூலைக்குப் போய் அங்கிருக்கிற சுவிட்சுகளைத் தொட வேண்டும். அதற்குப் பிறகுதான் அதன் கணக்கு தொடங்கும். கதவிடுக்கு வழியாக வரும் நீளக் கேபிளின் மறுமுனையில், கட்டிலில் இருந்தபடியே அவள் தட்டினாள். தலை மேலே ஏறி ஒரு டிக். மேஜை பக்கவாட்டில் போய் ஒரு டிக். பிறகு ஒய் அச்சு பின்பக்கமாக, போக வேண்டிய பக்கமாக, நிதானமாகப் போய் ஒரு டிக்.

மாஸ்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"மாஸ்டர்" என்றாள். 'என்னங்க' இல்லை. "இங்க வாங்க."

போனார். அவள் தலையணையில் சாய்ந்து அவரைப் பார்த்தாள்.

"சரியாயிடுச்சு போலிருக்கே" என்றார்.

"தானா சரியாகுற மெஷின் உலகத்துல கிடையாது. என்ன பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணப் போறேன்?"

"கன்னத்துல கிரீஸ் இருக்கு."

கன்னத்தைத் துடைத்தார். அது காது வரைக்கும் பரவியது. இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் சொன்னார். போனில் கேட்டதை, மதியம் மாற்றியதை, இன்று திரும்ப மாற்றியதை. "நான்தான் எரிச்சுட்டேன்னு நினைச்சேன். சொல்ல வாய் வரல."

"முந்தாநாள் எத்தனை மணிக்கு?"

"ரெண்டரை இருக்கும்."

அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் அடையாளம் இருந்தது. "மூணு மணிக்கு முழிச்சேன். எழுந்துக்க முடியாது, உங்களுக்கு ஷாக்னா பயம், உங்களை ஏன் படுத்தணும்னு இந்த டிக்கைப் போட்டேன். இதைப் போட்டாலும் திசை மாறிடும். நீங்க அங்க ஒயரைத் திருப்பியிருக்கீங்க. நான் இங்க இதைத் திருப்பியிருக்கேன். ரெண்டு தடவை திருப்பினா?"

மாஸ்டருக்கு அது துணிக்கணக்காகப் புரிந்தது. "ரெண்டு தடவை புரட்டினா பழைய பக்கமேதான் மேல வரும்."

"வந்துச்சு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது, பிறகு இருமல். சமையலறையிலிருந்து அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. நானும் இவரும் ஒரே தப்பை ஆளுக்கொரு பக்கம் ரகசியமா திருத்தியிருக்கோம். ரெண்டு நாளா மெஷினைத் திட்டிட்டு இருந்தேன்."

அக்காவுக்கு விஷயம் புரியவில்லை, ஆனால் தங்கை சிரிப்பது புரிந்தது. "உனக்கு ரெண்டு புருஷன். ஒண்ணு எண்ணெய் குடிக்கும், ஒண்ணு பொய் சொல்லும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாஸ்டரால் சிரிக்க முடியவில்லை. "ரெண்டு நாள் வீணாப் போச்சே" என்றார். அவளிடம் இருந்ததே எத்தனை நாள் என்று இருவருக்கும் தெரியும்.

"விடுங்க. போர்டு எரியல. என் ஒயரிங்ல தப்பில்ல. எனக்கு அது போதும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "பவரை எடுத்துட்டுத்தானே கழட்டினீங்க?"

"பிளக்கைப் பிடுங்கிட்டு, வாட்சைப் பார்த்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்."

"உள்ள தேங்கின கரண்ட் இறங்க அஞ்சு போதும்."

"எனக்குப் பத்து வேணும்."

"நல்லா முடுக்கியிருக்கீங்க. சத்தத்துலயே தெரியுது" என்றாள். இத்தனை வருடத்தில் அவர் தைத்த எதையும் அவள் இப்படிப் பாராட்டியதில்லை என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

பதினோரு மணிக்கு அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கட்டிலில் இருந்தபடியே தட்டக் கூடாதா என்று அக்கா கேட்டதற்கு, முதல் வெட்டுக்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மாஸ்டர் அவளுடைய கழுத்துக்குப் பின்னால் தலையணையை மடித்து வைத்தார். தெறிக்கும் சீவல் கண்ணில் படாமலிருக்க இருவரும் பிளாஸ்டிக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். கவ்விப் பிடிக்கும் வைஸில் தகட்டை இறுக்கியது மாஸ்டர். கட்டர் தகட்டின் மேல்பரப்பைத் தொடும் இடத்தைக் காகிதத் துண்டு வைத்துப் பார்த்ததும் மாஸ்டர். காகிதம் இழுபட்டதும் நிறுத்தச் சொன்னாள். துணிக்கும் கத்தரிக்கும் நடுவில் விரல் வைத்துப் பழகியவருக்கு அது சுலபமாக வந்தது.

"இருபது சுத்து" என்றாள். "ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு. உங்களுக்கு ஒரே வேலை. இந்த பிரஷ்ஷால சீவலைத் தள்ளிவிட்டுட்டே இருக்கணும். சீவல் மாட்டினா வட்டம் கெட்டுப்போயிடும்."

"சரிங்க மேடம்."

"அந்தச் சிவப்பு பட்டன் ஆபத்துக்கு. கட்டர் ஓடும்போது சும்மா அதைத் தொடாதீங்க. நின்ன இடத்துல தழும்பு விழுந்துடும். எதுவா இருந்தாலும் வட்டம் முடியட்டும்."

பச்சைப் பட்டனை அவளே அழுத்தினாள். விரலில் பலமில்லாமல் கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருந்தது.

கட்டர் சுழன்று, இறங்கி, தகட்டைத் தொட்டது. இத்தனை நாளாக மாஸ்டர் கேட்டிருந்ததெல்லாம் வெறும் மோட்டார் சத்தம். இது உலோகத்தை வெட்டுகிற சத்தம், சீராக, உயராமல் தாழாமல். வெள்ளிப் பொடி மாதிரி சீவல் எழுந்தது. அவர் பிரஷ்ஷை ஓட்டினார். மேஜை பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் ஒரே நேரத்தில் நகர, தகட்டின் நடுவில் ஒரு வட்டம் விளிம்பு கட்டிக்கொண்டு எழத் தொடங்கியது. ஒரு சுற்று முடிந்தது. "ஒண்ணு" என்றாள்.

"திரும்புற இடத்தைக் கவனிங்க" என்றாள் மூன்றாவதில். "மேல, கீழ, இடது, வலது. திருகுல ஆட்டம் இருந்தா அந்த நாலு இடத்துலதான் படி விழும்."

குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்குப் படி எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னார். அவள் தலையை அசைத்தாள். அவளுடைய முகத்தில் அப்போது இருந்ததை மாஸ்டர் மகன் பிறந்த அன்று பார்த்திருக்கிறார். களைத்துப்போய், யாரையும் பார்க்காமல், தனக்குள்ளேயே பெருமைப்பட்டுக்கொள்கிற முகம்.

ஏழு வரை வாயால் எண்ணினாள். எட்டிலிருந்து விரலை மட்டும் நாற்காலிக் கைப்பிடியில் தட்டினாள். பத்து, பதினொன்று. பன்னிரண்டாவது சுற்று முடிந்தபோது விரல் தட்டவில்லை. தூங்கியிருப்பாள் என்று பிரஷ்ஷை ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

நாற்பது வருடமாக மனிதர்களுக்கு அளவெடுக்கிறவர். மார்பில் டேப்பைச் சுற்றும்போது மூச்சுக்கென்று அரை அங்குலம் விட்டுத்தான் பிடிப்பார். உட்கார்ந்திருந்தாலும், தூங்கினாலும், நோயில் கிடந்தாலும் அந்த அரை அங்குலம் ஏறி இறங்கும். அவளிடம் அது இல்லை. ஒரு கையால் சீவலைத் தள்ளிக்கொண்டே மறு கையை அவளுடைய மூக்கருகே கொண்டுபோனார். கழுத்தைத் தொட்டார். கழுத்து சூடாகத்தான் இருந்தது.

சிவப்புப் பட்டன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவரால் கத்தியிருக்க முடியும். அக்காவைக் கூப்பிட்டு, டாக்டருக்குப் போன் போட்டு, தெருவையே திரட்டியிருக்க முடியும். யார் வந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது டாக்டர் சொல்லித் தெரிந்ததுதான். தகட்டில் சீவல் சேர்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் திரும்பி நின்று பிரஷ்ஷால் அதைத் தள்ளினார். "பதிமூணு" என்றார். கண்ணாடிக்குள் நீர் தேங்கி வட்டம் கலங்கியபோது கண்ணாடியைத் தூக்கித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். "பதினாலு." ஒவ்வொன்றையும் அவளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

பதினாறாவதில் அக்கா கஞ்சி டம்ளரோடு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தம்பி" என்றாள். "தம்பி, அவளைப் பாருங்க."

"பார்த்துட்டேங்க்கா."

"நிறுத்துங்க அதை."

"இன்னும் நாலு இருக்கு. நிறுத்தினா தழும்பு விழும்னு சொல்லியிருக்கா." பிரஷ்ஷை எடுக்காமல் சொன்னார். "முடியட்டும்க்கா. முடிஞ்சதும் அழலாம்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, தங்கையின் இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மிச்ச எட்டு நிமிடமும் அந்த அறையில் கட்டரின் சத்தமும் மாஸ்டர் எண்ணுகிற சத்தமும்தான் இருந்தன. இருபது முடிந்து கட்டர் மேலே ஏறி நின்றது. மாஸ்டர் பிரஷ்ஷை அதன் ஆணியில் மாட்டினார். அவளுடைய பிளாஸ்டிக் கண்ணாடியை மெதுவாகக் கழற்றினார். அதற்குப் பிறகு அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

மகன் சாயங்காலம் வந்தான். வழியிலேயே செய்தி தெரிந்திருந்தது. அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை. அவனிடம் மாஸ்டர் வட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தகடு வைஸிலேயே இருந்தது. அதைத் தொடக் கூடாது என்று மட்டும் வந்தவர்களிடம் சொல்லி வைத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி வருவதாக ஏற்பாடு. ஒன்பதரைக்கு மகன் தானாகவே பின்னறைக்குப் போனான். மாஸ்டர் பின்னால் போய் வாசலில் நின்றார். தகட்டைப் பார்க்காமல் அவன் முதலில் சுவரிலிருந்த கன்ட்ரோல் பெட்டியின் கதவைத் திறந்தான். திறந்தபடியே நின்றான்.

உள்ளே அறுபதுக்கும் மேற்பட்ட ஒயர்கள் வரிசை பிசகாமல் ஓடின. வளைகிற இடமெல்லாம் ஒரே வளைவு. விரலகலத்துக்கு ஒரு முடிச்சாக, மெழுகு தடவிய வெள்ளை நூலால் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருந்தது. ஒரு முடிச்சுகூடப் பக்கம் மாறவில்லை.

"இதை யாருப்பா கட்டினது?"

"ஒயர் போட்டது உங்கம்மா. கட்டினது நான். எக்ஸ்சேஞ்சில அந்தக் காலத்துல நூல்லதான் கட்டுவாங்களாம். பிளாஸ்டிக்ல கட்டினா ஒயரை நெரிக்கும்னு சொல்லிட்டா. நாலு தடவை பிரிச்சுக் கட்டச் சொன்னா."

"எங்க கம்பெனியிலேர்ந்து வர்ற பெட்டி இப்படி இருக்காது."

"அஞ்சாவது தடவைதான் ஒத்துக்கிட்டா" என்றார் மாஸ்டர். அந்த நாளில் அந்த நேரத்தில் பெருமைப்படலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் நெஞ்சு நிறையப் பெருமையாகத்தான் இருந்தது.

மகன் மெஷின் பக்கம் திரும்பினான். வட்டத்தைப் பார்த்தான், தொடவில்லை.

"அளந்து பாரு" என்றார் மாஸ்டர். "அதுக்குத்தான் கழட்டாம வச்சிருக்கேன்."

"இப்ப எதுக்குப்பா?"

"அவ உன்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "பதினஞ்சு வந்துட்டா?"

"பதினஞ்சுன்னு சொல்லு. குறைச்சுச் சொல்லிடாதே. அது அவளுக்குப் பிடிக்காது."

மகன் தன் பையிலிருந்து டயல் கேஜை எடுத்து வந்தான். வட்டமான முகமும் ஒரு முள்ளும் உள்ள சின்னக் கருவி. கட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதைப் பொருத்தினான். அதன் நுனி வட்டத்தின் விளிம்பைத் தொட்டபடி சுற்றி வரும். விளிம்பு எங்கே மேடோ, எங்கே பள்ளமோ, முள் ஆடிக் காட்டிவிடும். முதலில் நடுமையத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கே நேரமானது.

தெருவில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அக்கா வந்து சொன்னாள். தூக்குவதற்கு வந்திருந்த நாலைந்து பேரும் முன்னறையில் எழுந்து நின்றார்கள். நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், அடுத்து ஓரிடம் போக வேண்டும் என்று டிரைவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் சாதாரணமாக உரக்கப் பேசுகிறவர் இல்லை. அளவு சொல்லும்போதுகூட எழுதுகிறவன் பக்கத்தில் நிற்க வேண்டும். அன்று அவர் வாசலுக்குப் போய், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "கொஞ்சம் இருங்க. என் பொண்டாட்டி ஒரு வேலை முடிச்சு வச்சிருக்கா. அதைப் பையன் அளந்துட்டு இருக்கான். அளந்ததும் கிளம்பலாம்."

டிரைவர் அவரைப் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார்.

மாஸ்டர் பின்னறைக்குப் போகவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கதவு வழியாக மகனின் முதுகு மட்டும் தெரிந்தது. அவன் கையால் மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருந்தான். ஒரு சுற்று முடிந்து நின்றான். நுனியைக் கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி சுழற்றினான். தூக்க வந்தவர்களில் இரண்டு பேர் சத்தமில்லாமல் போய் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

"அப்பா" என்று மகன் கூப்பிட்டான். திரும்பாமலே கூப்பிட்டான்.

"சொல்லு."

"மூணு."

"இன்னொரு தடவை பாரு."

"மூணு தடவை பார்த்துட்டேன்ப்பா. மேல, கீழ, நடுவுல. மூணு கோடுதான். புது மெஷின்ல ரெண்டு வந்தா கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். இது..." கேஜின் முகத்தைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டு நின்றான்.

மாஸ்டர் குனிந்தார். யாருக்கும் கேட்க வேண்டும் என்றில்லாமல், அவளுடைய காதருகே, "மூணு" என்றார். பிறகு எழுந்து, தலைமாட்டில் இடது மூலையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் விடுங்கள் என்று ஒருவர் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். மகன் கையைக் கழுவாமலே வந்து வலது மூலையைப் பிடித்தான். அவன் விரல்களில் அலுமினியப் பொடி மின்னியது.

"தூக்கலாம்" என்றார் மாஸ்டர்.